விழணுமா, ஓடணுமா

எங்கள் கடைக்குத் துப்பாக்கி வாங்க வருகிறவரிடம் அண்ணாச்சி முதலில் விலை பேச மாட்டார். எந்த நாட்டுச் சரக்கு, எத்தனை வருட கியாரண்டி என்றெல்லாம் ஆரம்பிக்க மாட்டார். பால் விடாத சுலைமானி டீ ஒரு கிளாஸ் கொண்டுவரச் சொல்வார். வந்தவர் அதை வாயில் வைக்கும்போது கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கமிருந்து அரபியில் ஒரே ஒரு கேள்வி கேட்பார். சுட்டால் அது நின்ற இடத்தில் விழ வேண்டுமா, ஓட வேண்டுமா?

வந்தவர் சிரித்துவிடுவார். ஓட வேண்டும் என்று எந்தக் கிறுக்கன் சொல்வான்? அண்ணாச்சி சிரிக்க மாட்டார். விழ வேண்டும் என்று அந்த ஆள் தன் வாயால் சொன்ன பிறகுதான் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போவார்.

கடை ஷார்ஜாவில் இருந்தது. வேட்டைச் சாமான் கடை. முன்பக்கம் முழுக்கக் கூடாரம், பைனாகுலர், ராஜாளிக் கழுகின் தலைக்கு மாட்டுகிற தோல் குல்லாய், டார்ச் லைட் இப்படி. பின்பக்கம் கம்பிக் கதவு போட்ட அறையில் ரைஃபிள்கள். லைசென்ஸ் வைத்திருக்கிற உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்தான் அது. இங்கே வேட்டையாட முடியாது என்பதால் அவர்கள் குளிர்காலத்தில் ஏதாவது ஒரு தூர தேசத்துக்கு மானைத் தேடிக்கொண்டு போவார்கள். நான் அங்கே அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். திருச்சிக்காரி. புருஷனும் பிள்ளைகளுமாக அஜ்மானில் குடியிருந்தேன். ஓரமாக ஒரு கண்ணாடி அறை, அதில் நான், என் மேசைமேல் கடையின் டெலிபோன். இரண்டாயிரமாவது வருடம் பிறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. செல்போன் எல்லோர் கையிலும் வந்துவிட்டாலும் ஊரிலிருந்து அவசரம் என்றால் கடை நம்பருக்குத்தான் அடிப்பார்கள்.

அண்ணாச்சி தென்காசிப் பக்கம். ஐம்பதைத் தொட்ட வயது, ஒல்லி, மீசையில் மட்டும் மை தடவுவார். ஷார்ஜாவிலேயே ரோலா பகுதியில் ஊர்க்காரர்களோடு சேர்ந்து ரூமில் இருந்தார். எங்கள் அர்பாப், அதாவது முதலாளி, பாகிஸ்தானி டிரைவர், மலையாளி ஸ்டோர்கீப்பர் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். அர்பாப் வாயில் அது 'அன்னாஜி' என்று வரும்.

முதலில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. சேர்ந்த முதல் வாரம் எலுமிச்சை சாதம் கொண்டுபோயிருந்தேன். மரியாதைக்கு ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, "தங்கச்சி, உப்பு பத்தல. நாளைக்குச் சரி பண்ணிக்கிடுங்க" என்றார். நாளைக்காம்! இவருக்குச் சமைத்துப் போடத்தான் நான் விசா எடுத்து வந்தேனா என்று எரிச்சலாக இருந்தது. வீட்டில் போய்ப் புருஷனிடம் பொரிந்து தள்ளினேன். அவர் தன் டப்பாவில் மிச்சம் இருந்ததை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, "உப்பு கம்மிதாண்டி" என்றார். இத்தனை வருடமாக இந்த மனிதர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அப்புறம் அவரோடு ஒரு சண்டை.

அண்ணாச்சியின் ரூமுக்கு ஒரு பையன் விசிட் விசாவில் வந்து வேலை தேடிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு இன்டர்வியூ முடிந்ததும் கடைக்கு வந்து நிற்பான். எல்லோரும் "கெடைக்கும்பா, இன்ஷா அல்லா" என்போம். அண்ணாச்சி ஒருநாள் அவனை உட்கார வைத்து, "இந்த இங்கிலீஷை வச்சிக்கிட்டு ஒனக்கு இங்க ஆபீஸ் வேலை கெடைக்காது. கையில காசு இருக்கும்போதே ஊருக்குப் போயி டைப்பும் இங்கிலீஷும் படிச்சிட்டு வா" என்றார். பையன் எங்கள் எல்லோருக்கும் முன்னால் அழுதான். அண்ணாச்சி அவனைக் கூட்டிப்போய் பிரியாணி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். எனக்குக் கோபம். "கொஞ்சம் பதமாச் சொல்லியிருக்கலாம்ல அண்ணாச்சி?" என்றேன். "பதமாச் சொன்னா அவன் இன்னும் ரெண்டு மாசம் இங்கனயே ஓடிக்கிட்டுக் கெடப்பான், தங்கச்சி" என்றார். இந்த 'ஓடுவது' அவருக்கு எங்கே போனாலும் வந்துவிடும்.

அது எங்கிருந்து வந்தது என்பது அல் ஐன் பக்கத்திலிருந்து வந்த ஒரு இளைஞனால் எனக்குத் தெரிந்தது. கஞ்சி போட்ட வெள்ளைக் கந்தூரா அங்கி, விரலில் சுழலும் கார் சாவி. ஹங்கேரிக்கு மான் வேட்டைக்குப் போகிறான். ஊரில் இருக்கும்போது சிநேகிதர்களோடு பாலைவனத்தில் ஆயிரம் மீட்டர் தள்ளிக் காகிதத்தில் வட்டம் வரைந்து வைத்துச் சுடுகிறான். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ரைஃபிள் வேண்டும், அதுவும் த்ரீ ஹண்ட்ரட் மேக்னம் காலிபர்தான் வேண்டும் என்றான். சிநேகிதன் அதுதான் வைத்திருக்கிறானாம்.

காலிபர் என்றால் குழலுக்கு எவ்வளவு வாய் என்கிற கணக்கு, அவ்வளவுதான். கடைக்கு வருகிற ஆண்பிள்ளைகளுக்கு அது வேறு என்னவோ. பெரியதைக் கேட்கும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும். அண்ணாச்சி மேக்னத்தையே எடுத்துவந்து, டம்மித் தோட்டா போட்டு அவன் கையில் கொடுத்தார். தோளில் வைத்து விசையை இழுக்கச் சொன்னார். அவன் இழுத்தான். அண்ணாச்சி துப்பாக்கியையோ குறியையோ பார்க்கவில்லை, அவன் கண் இமையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ சொன்னார். அவன் முகம் சிவந்துவிட்டது. குண்டே இல்லாதபோதும் உன் கண் மூடுகிறது, இது உனக்கு வேண்டாம், உதை குறைந்த த்ரீ நாட் எயிட் எடுத்துக்கொள் என்றாராம். அவன் சாவியைச் சுழற்றிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டான். பாதிப் பேர் அப்படித்தான் போவார்கள். அர்பாப் தலையில் கை வைத்துக்கொள்வார், ஆனால் அண்ணாச்சியை மாற்ற மாட்டார். மீதிப் பாதிப் பேர் ஆயுசுக்கும் வேறு கடைக்குப் போக மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"ஏன் அண்ணாச்சி, கேட்டதைக் குடுத்தா என்ன?" என்றேன்.

"பெருசு ஒதைக்கும் தங்கச்சி. ஒதைக்கும்னு தெரிஞ்சா கண்ணு தன்னால மூடும். கண்ணு மூடினா நெஞ்சுல படவேண்டியது வயித்துல படும். அதுக்காவ டூ டூ த்ரீ மாதிரி ரொம்பச் சின்னதா எடுத்தா, தோலுக்குள்ள போயி நின்னுரும். காகிதத்துல நாலு வெரக்கடை தள்ளிப் பட்டா மார்க்குதான் கொறையும். மான்ல நாலு வெரக்கடை தள்ளிப் பட்டா அது கொடலை இழுத்துக்கிட்டு ஒரு நாள் பூரா ஓடும். காகிதத்தை ஆயிரம் மீட்டர்லருந்து அடிக்கட்டும், அதுக்கு மேலயும் அடிக்கட்டும், யாரு வேண்டாங்கா? மானை எரநூறு தாண்டி அடிக்கப்படாது."

தோட்டாவிலும் அவருக்கு இரண்டு கட்சி. காகிதத்துக்கான குண்டு ஊசி மாதிரி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடுமாம். மானுக்கான குண்டு உள்ளே போனதும் நுனி விரியுமாம். ஒன்றுக்கு ஒன்று ஆகாது. இரண்டையும் வாங்குகிறவரிடம் மான் டப்பாவுக்கு மட்டும் ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுப்பார். மறந்துகூட மாறிவிடக் கூடாது.

அவர் ஆயுளில் ஒரு மானைக்கூடச் சுட்டதில்லை. செவ்வாய், வெள்ளி கவுச்சி தொடமாட்டார். எங்கள் அர்பாப் ஒரு தடவை கஜகஸ்தானுக்குப் போனபோது சமையலுக்கும் சாமான் தூக்கவும் இவரைக் கூட்டிப்போயிருக்கிறார். கூட வந்த விருந்தாளி ஒருவர் சுட்ட மான் விழாமல் ஓடிவிட்டது. ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே பகல் முழுக்கப் பின்னால் போனார்களாம். மறுநாள் ஒரு ஓடைக்குப் பக்கத்தில் அது நின்றுகொண்டிருந்ததாம், உயிரோடு.

"ஓடல, தங்கச்சி. ஓட முடியல. எங்களைப் பாத்துக்கிட்டு நிக்கி. அவ்வளவு பேருல என் மூஞ்சியத்தான் பாத்துது" என்றார்.

வளைகுடாவில் இருந்தவர்களுக்கு ஒன்று தெரியும். நம் ஆட்கள் இங்கே எடுத்த எடுப்பில் சாவதே இல்லை. முதலில் உடம்பு சரியில்லை. மறுநாள் சீரியஸ். அதற்கடுத்த நாள் ஐ.சி.யு. இதற்குள் ஊரில் சித்தப்பாவுக்கோ மாமாவுக்கோ ரகசியமாக விஷயம் போய்விடும். பெண்டாட்டிக்குத்தான் கடைசியில் தெரியும். சில வீடுகளில் ஏர்போர்ட்டிலிருந்து பெட்டி தெருமுனைக்கு வரும்வரை அவள் புருஷனுக்கு நேர்த்திக்கடன் வேண்டிக்கொண்டு இருப்பாள். ஊரில் யாராவது போய்விட்டாலும் இதே கதைதான். இங்கே இருப்பவனிடம் 'அம்மா சீரியஸ், உடனே கிளம்பு' என்பார்கள். சீரியஸ் என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அவன் விமானத்தில் உட்கார்ந்து சாமி கும்பிட்டுக்கொண்டே போவான்.

அண்ணாச்சிக்கு இது ஆகவே ஆகாது. அவர் ரூமில் ஒருவர் தூக்கத்திலேயே போய்விட்டார். மற்றவர்கள் வழக்கம்போல சீரியஸ் என்று சொல்லப் போனை எடுத்தபோது இவர் பிடுங்கி, இறந்துவிட்டார் என்று அந்த வீட்டில் நேராகவே சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ஷார்ஜாவிலும் அஜ்மானிலும் நம் பக்கத்து ஆள் யார் இறந்தாலும் கூட இருந்தவர்கள் கடைக்கு வந்து தயங்கித் தயங்கி நிற்பார்கள். அண்ணாச்சி வந்தவர்களின் முகத்தைப் பார்த்ததுமே போன் கார்டை எடுத்துவிடுவார்.

என் அறையிலிருந்து அவர் பேசி நான் பலமுறை கேட்டிருக்கிறேன். எப்போதும் ஒரே முறைதான். யார் பேசுவது என்று கேட்பார். தன் பெயரைச் சொல்வார். "பக்கத்துல யாரு இருக்கா?" என்பார். ஆள் இல்லையென்றால் கூப்பிட்டு வைத்துக்கொள்ளச் சொல்லிக் காத்திருப்பார். பிறகு, "உக்காருங்க." அதற்கடுத்து ஒரே வாக்கியம். இறந்தவரின் பெயரைச் சொல்லி, இறந்துட்டாரு என்பார். காலமானார், தவறிட்டார், நம்மளை விட்டுப் போயிட்டார் எதுவும் கிடையாது. அந்தப் பக்கம் எழும் சத்தம் என் நாற்காலி வரைக்கும் கேட்கும். அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்க மாட்டார். ஆறுதலும் சொல்ல மாட்டார். கார்டு தீர்ந்தால் அடுத்த கார்டைச் சுரண்டி மறுபடி போடுவார். அவர்களாகப் பார்த்து வைக்கும்வரை அவர் வைத்ததே இல்லை.

ஒருநாள் நான் கேட்டேவிட்டேன். எங்கள் அம்மாவுக்கு அப்போது உடம்பு சுகமில்லாமல் இருந்தது. "அண்ணாச்சி, எங்க வீட்லேர்ந்து அப்படி ஏதாவது போன் வந்தா எங்கிட்ட சீரியஸ்னே சொல்லணும். நேராச் சொல்லிடாதீங்க. நான் தாங்க மாட்டேன்."

"சரி" என்றார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. "ஆனா எனக்கு ஒண்ணு வந்துதுன்னா நீங்க நேராச் சொல்லிரணும். சுத்தி வளைச்சீங்கன்னா ஒங்க மொகத்துலயே முழிக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க."

"சொல்லிடறேன் அண்ணாச்சி" என்றேன். ஏதோ விளையாட்டுப் பேச்சு போல அது முடிந்தது. என் அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கும் என்னைத் திட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறாள்.

அடுத்த லீவில் ஊருக்குப் போன அண்ணாச்சி திரும்பி வந்தபோது கொஞ்ச நாள் பேச்சே இல்லை. வாடிக்கைக்காரர்களிடம் அந்தக் கேள்வியைக்கூடக் கேட்காமல் துப்பாக்கியை எடுத்துக் காட்டினார். அர்பாபே என்னிடம் வந்து அன்னாஜிக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டார். பிறகு ஒரு மதியச் சாப்பாட்டின்போது அவராகவே சொன்னார். கோவில்பட்டிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்த வீட்டுக்காரர் இங்கே கட்டட வேலையில் இறந்தவர், பெண்டாட்டிக்குப் போனில் சொன்னது இவர்தான். அந்தப் பெண் நல்லபடியாக வரவேற்றுக் காபி கொடுத்திருக்கிறாள்.

"நேரா சொன்னீங்களே, நல்லதுன்னு சொல்லுவான்னு நெனைச்சிக்கிட்டுத்தாம் போனேன், தங்கச்சி. அவா என்ன சொன்னா தெரியுமா? அன்னைக்கிப் பிள்ளைக்கி மொட்டை எடுத்து, காது குத்தி, அப்பம்தான் வீட்டுக்குள்ள வந்தாங்களாம். படத்தை அவருக்கு அனுப்பணும்னு பிள்ளையச் சந்தனத்தோட நிக்க வச்சிருக்கா. போன் அடிச்சிருக்கு. 'அண்ணாச்சி, சாயங்காலம் வரைக்குமாவது எனக்கு விட்டிருக்கலாமே'ங்கா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? காபியக் குடிச்சிட்டு வந்துட்டேன்."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. அந்த முறையை மாற்றிக்கொள்ளச் சொல்லலாமா என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று வீடுகளுக்கு அவர் பேசினார். அதே முறை, அதே ஒற்றை வாக்கியம். 'உக்காருங்க' என்பதற்கும் அந்த வாக்கியத்துக்கும் நடுவில் மட்டும் கொஞ்சம் இடைவெளி விழுந்தது. முன்பு அது இருந்ததில்லை.

அவருக்கு ஒரே மகள். கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்தவள். பாளையங்கோட்டையில் காலேஜ் படித்தாள். அவர் வாயில் எப்போதும் பாப்பா. பாப்பாவுக்குப் பறவைக் கிறுக்கு. கூந்தன்குளத்துக்குச் சிநேகிதிகளோடு போய் வெளிநாட்டுப் பறவை பார்த்துவிட்டு வந்து, அப்பா, உங்கள் கடையில் பைனாகுலர் இருக்கிறதே, ஒன்று கொண்டுவாருங்கள் என்றிருக்கிறாள். கேட்டு வாங்குகிற பிள்ளையே இல்லையாம் அவள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு ரைஃபிளுக்கு எவ்வளவு பாடுபடுவாரோ அதைவிடப் பெரிய பாடு அந்தப் பைனாகுலருக்கு. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வெயிலில் போய் நின்று எதிர்க் கட்டடத்துப் புறாவைப் பார்ப்பார். இது கனம், பிள்ளைக்குக் கழுத்து வலிக்கும் என்று வைப்பார். இது சும்மா விளையாட்டுச் சாமான் என்று அதையும் வைப்பார். என்னையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வார். "புறா தெரியுதா?" "தெரியுது அண்ணாச்சி." "அது கண்ணு தெரியுதா?" கடைசியில் கைக்கு அடக்கமான பச்சைக் கலர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தன் லாக்கரில் பூட்டி வைத்தார். பெரிய மனிதர், சிவப்பு ரப்பர் பேண்ட் ஒன்றை அந்த டப்பாவுக்கும் போட்டிருந்தார். அதைப் பார்த்து நான் கேலி பண்ணினேன். அடுத்த லீவுக்கு இன்னும் கொஞ்ச மாதம் இருந்தது.

போன் வந்தபோது மதியம் ஆகவில்லை. நான்தான் எடுத்தேன். ஒரு ஆண் குரல், மூச்சு வாங்கியது.

"அத்தான் இருக்காவளா?"

"யாருங்க? அண்ணாச்சியா? இருக்காரு, கூப்பிடறேன்."

"கூப்பிடாதீங்க. நீங்க யாரு பேசுதீங்க?"

சொன்னேன். அவர் அண்ணாச்சியின் மச்சினன். காலேஜுக்குப் போகிற வழியில் பாப்பாவின் ஸ்கூட்டர்மேல் லாரி ஏறிவிட்டது என்றார். "பாப்பா போயிட்டாக்கா. அங்கனயே போயிட்டா." பிறகு, "அத்தான்ட்ட சீரியஸ்னு மட்டும் சொல்லி ஏத்தி விட்டுருங்க. அவ்வோ தாங்க மாட்டாவ" என்றார்.

ரிசீவரை வைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி ஒரு வாடிக்கைக்காரரை அனுப்பிவிட்டு, மேசையில் பரத்தியிருந்த தோட்டா டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மச்சினன் சொன்னபடி சொன்னால் அவருக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். என் முகத்தில் முழிக்க மாட்டார். அதுகூடப் பெரிதில்லை. வாழ்நாள் முழுக்க யாரையும் அரைகுறையாக ஓடவிடாத மனிதரை நான் விமானத்தில் அப்படி அனுப்புவதா? நேராகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவரிடம் பலமுறை கேட்ட வாக்கியம்தான். எழுந்து போனேன்.

"அண்ணாச்சி, உக்காருங்க" என்றேன்.

அவர் கை டப்பாவின் மேலேயே நின்றுவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தச் சொல்லை அதுவரை அவர்தான் அடுத்தவர்களிடம் சொல்லியிருக்கிறார்.

"சொல்லாதீங்க" என்றார்.

நான் நின்றேன்.

"பாப்பாவா?"

தலையை ஆட்டினேன்.

"சீரியஸா?"

வாக்கியம் என் நாக்கு நுனியில் இருந்தது. அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். "தங்கச்சி, சீரியஸ்னுதான சொன்னாவ?" என்றார். அது கேள்வி இல்லை. கெஞ்சல். அந்த மனிதர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"ஆமா அண்ணாச்சி. சீரியஸ்னு சொன்னாங்க."

"ஆஸ்பத்திரியில இருக்கா."

"ஆமா."

"பெரியாஸ்பத்திரிதான? நல்ல டாக்டர்மாரு உண்டு அங்க." சொல்லிவிட்டு அப்புறம்தான் உட்கார்ந்தார்.

அர்பாப் பாஸ்போர்ட்டைத் தானே கொண்டுவந்து கொடுத்தார். நான் சொல்லி ஸ்டோர்கீப்பர் அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தார். அந்தப் பெரிய மனிதரும் அண்ணாச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் ஆகாது, குணமாகிவிடும் என்று அரபியில் பொய் சொன்னார். பாகிஸ்தானி டிரைவர் சொன்னான். எல்லோரும் சொன்னோம். அண்ணாச்சி ஒவ்வொருவர் சொல்லும்போதும் ஆமாம், ஆமாம் என்று கேட்டுக்கொண்டார். ரூமிலிருந்து அவர் போன் செய்து கேட்டிருந்தால் ஊரில் யாராவது அழுகிற சத்தம் கேட்டிருக்கும். அவர் ஊருக்குப் போனே செய்யவில்லை.

சாயங்காலம் திருவனந்தபுரம் விமானத்துக்கு என் வீட்டுக்காரர் காரில் கூட்டிப்போனோம். அண்ணாச்சி முன் சீட்டில் இருந்தார். கையில் ஒரு சின்னப் பை, மடியில் பைனாகுலர் டப்பா. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"ரத்தம் வேணும்னு சொன்னா வெளிய தேட வேண்டாம் பாத்துக்கிடுங்க. எனக்கும் அவளுக்கும் ஒரே குரூப்பு. போனதும் குடுத்துரலாம்." கொஞ்சம் கழித்து, "காலு ஒடைஞ்சிருந்தாலும் இப்பம்லாம் கம்பி வச்சிருதாங்க. மூணு மாசத்துல நடந்துருவா" என்றார். என் புருஷன் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். அவர் கன்னத்தில் தண்ணீர் இறங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். அண்ணாச்சியும் பார்த்திருப்பார். வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளே போகிற வாசலில் நின்று டப்பாவை என்னிடம் காட்டினார். "கண்ணு முழிச்ச பெறவு படுத்தே கெடக்கணும்லா. பொழுது போகாது பிள்ளைக்கி. சன்னல் வழியா எதையாவது பாத்துக்கிட்டுக் கெடப்பா." பிறகு குரலை இறக்கி, "பொழைச்சிக்கிடுவால்லா, தங்கச்சி?" என்றார்.

"பொழைச்சிக்குவா அண்ணாச்சி" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவருக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்தது. கோவில்பட்டிப் பெண் கேட்டுக் கிடைக்காத அந்தச் சாயங்காலத்தை அவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். டப்பாவை நெஞ்சோடு பிடித்தபடி வரிசையில் போய் நின்றார்.

அண்ணாச்சி வேலைக்குத் திரும்பி வரவில்லை. விசா கேன்சலானது. அவர் இடத்துக்கு வேறு ஒருவர் வந்தார். நல்ல மனிதர், கேட்டதை எடுத்துக் கொடுத்தார், வியாபாரம் கூடத்தான் செய்தது. அண்ணாச்சி கிளம்பிப் போன சில நாட்களுக்குள், ஒரு காலை நேரத்தில் கடை போன் அடித்தது.

"தங்கச்சிதான பேசுதீங்க?" என்றார். தன் பெயரைச் சொன்னார், எனக்குத் தெரியாத குரல் போல.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"பக்கத்துல யாரு இருக்கா?"

"ஸ்டோர்கீப்பர் இருக்காரு" என்றேன்.

"உக்காருங்க."

உட்கார்ந்துதான் இருந்தேன். இருந்தாலும் நாற்காலியை இழுத்துச் சரியாக உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் காக்கை கத்தியது. யாரோ பாத்திரம் எடுத்து வைத்தார்கள். அவர் மகளின் பெயரைச் சொன்னார். அதுநாள்வரை பாப்பா என்றே கேட்டிருந்த எனக்கு அவள் பெயர் அப்போதுதான் தெரியும்.

"இறந்துட்டா" என்றார்.

நான் அழுதேன். எல்லாம் தெரிந்திருந்தும், அப்போதுதான் கேட்கிறவள்போல, ஸ்டோர்கீப்பர் ஓடி வரும்படி வாய்விட்டு அழுதேன். அழுகை ஓய்ந்த பிறகும் ரிசீவரைக் காதோடு வைத்துக்கொண்டு இருந்தேன். அந்தப் பக்கம் அவர் மூச்சு கேட்டது. அவராக வைக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

நானும் வைக்கவில்லை.